வாசகர் கேள்வி – பதில்: குறுக்குக்காற்றில் தரையிறங்கும் சிறு விமானங்கள்

சிறு விமானங்கள் எப்போதும் காற்றை எதிர்த்தே தரையிறங்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். ஓடுதளம் ஒரு திசையிலும் காற்று வேறொரு திசையிலும் இருந்தால் விமானி என்ன செய்வார் என்று கேட்டு இந்த மாதம் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. விமானப் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அவற்றுள் பொதுவான கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

உடுமலைப்பேட்டை வாசகர்: விமானம் ஒன்று நண்டு போலப் பக்கவாட்டில் சாய்ந்து வந்து இறங்கும் காணொளியைப் பார்த்தேன். மூக்கு ஒரு பக்கமும் ஓடுதளம் ஒரு பக்கமுமாக இருந்தன. அது விமானியின் தவறா?

தவறு இல்லை. அப்படி வந்தால்தான் சரியாக வருகிறார் என்று பொருள். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர் எதிர்க்கரையில் ஒரு பாறையை அடைய வேண்டுமென்றால் பரிசலை அந்தப் பாறையை நோக்கித் திருப்புவதில்லை. நீரோட்டம் தம்மைக் கீழே இழுத்துக்கொண்டு போகும் என்பது அவருக்குத் தெரியுமாதலால், பாறைக்கு மேலே சற்றுத் தள்ளி ஓர் இடத்தைக் குறிவைத்துத் துடுப்புப் போடுவார். காற்றில் இருக்கும் விமானத்தின் நிலையும் அதுதான். விமானம் காற்றுக்குள் நேராகத்தான் பறக்கிறது. ஆனால் அந்தக் காற்றே தரைக்கு மேல் நகர்ந்துகொண்டிருப்பதால், கீழே நின்று பார்ப்பவருக்கு விமானம் பக்கவாட்டில் போவது போலத் தோன்றுகிறது.

கோணத்தையும் சொல்லிவிடலாம். பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படும் செஸ்னா 172 ரக விமானம் ஏறத்தாழ 65 நாட் வேகத்தில் இறங்கி வரும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆகவே இது மணிக்கு 120 கிலோமீட்டர். ஓடுதளத்துக்குச் செங்குத்தாக 12 நாட் காற்று வீசினால், மூக்கைக் காற்றின் பக்கம் 10 முதல் 11 பாகை வரை திருப்பி வைத்தால்தான் விமானம் ஓடுதளத்தின் நடுக்கோட்டை விட்டு விலகாமல் வரும். அதே 12 நாட் காற்றில் 140 நாட் வேகத்தில் வரும் பெரிய பயணிகள் விமானத்துக்கு 5 பாகை போதும். மெதுவாகப் பறப்பதால்தான் சிறு விமானத்துக்கு இந்தக் காற்று பெரிய விஷயமாகிறது.

நண்டு நடையிலேயே தரையைத் தொட்டுவிட முடியாது என்பதுதான் சிக்கல். சக்கரங்கள் மூக்கு பார்க்கும் திசையில் உருள விரும்பும்; விமானத்தின் உடலோ ஓடுதளத்தின் திசையில் போய்க்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையே 10 பாகை வேறுபாடு இருந்தால் டயர்கள் பக்கவாட்டில் உரசி, சக்கரக் கால்கள் முறுக்கப்படும். எனவே தொடுவதற்குச் சற்று முன்பாக விமானி மூக்கை நேராக்கியாக வேண்டும். அதற்குச் சுக்கானை, அதாவது ரட்டர் மிதியை அழுத்துகிறார். ஆனால் மூக்கு நேரானதுமே காற்று விமானத்தை நடுக்கோட்டிலிருந்து தள்ளத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க, காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி, காற்று தள்ளும் அளவுக்குச் சரியாக விமானத்தைக் காற்றின் பக்கம் வழுக்கச் செய்ய வேண்டும். மூக்குக்குக் கால் பொறுப்பு, பக்க நகர்வுக்குக் கை பொறுப்பு என்று நாங்கள் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்ய வேண்டியிருப்பதால், சைக்கிள் ஓட்டப் பழகியவருக்குக்கூட இது முதலில் இயற்கைக்கு மாறானதாகத் தோன்றும். இவ்வாறு இறங்கும் விமானத்தில் காற்றுப் பக்கத்துச் சக்கரம் முதலில் தொடும். பிறகு அடுத்த சக்கரம், கடைசியாக மூக்குச் சக்கரம். ஒற்றைக்காலில் இறங்குகிறதே என்று பார்ப்பவர்கள் பதறுவார்கள். பதற வேண்டியதில்லை.

கோவையிலிருந்து ஒரு தாய்: என் மகன் விமானப் பயிற்சியில் இருக்கிறான். "பதினைந்து நாட் வரைக்கும் அனுமதி உண்டு அம்மா, அதற்குள் பயமே இல்லை" என்கிறான். இந்தப் பதினைந்து என்பது சட்டமா?

அம்மா, அவர் சொல்லும் எண் சரி; அதற்கு அவர் கொடுக்கும் பொருள்தான் சரியில்லை. செஸ்னா 172 விமானத்தின் கையேட்டில் 15 நாட் என்றும், அதைவிடச் சிறிய செஸ்னா 152 விமானத்தின் கையேட்டில் 12 நாட் என்றும் இருக்கும். ஆனால் அங்கே அது வரம்பு என்று குறிப்பிடப்படுவதில்லை. "செய்து காட்டப்பட்ட" குறுக்குக்காற்று என்றுதான் குறிப்பிடப்படும். அந்த விமானத்துக்குச் சான்று பெறும்போது தயாரிப்பாளரின் சோதனை விமானி இந்த அளவு காற்றில் இறங்கிக் காட்டினார் என்பதற்கு மேல் அந்த எண்ணுக்கு வேறு பொருள் இல்லை. அமெரிக்க விதிகள் நெடுங்காலமாகக் கேட்டது, விமானம் தரையிறங்கும் அமைப்பில் பறக்கும் சக்தியை இழக்கிற வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவு குறுக்குக்காற்றையாவது அது சமாளிக்க வேண்டும் என்பதை மட்டுமே. செஸ்னா 172 போன்ற விமானத்துக்கு அந்தக் குறைந்தபட்சம் ஏறத்தாழ 10 நாட். அதற்கு மேல் எவ்வளவு காட்டினார்கள் என்பது, சோதனை நடந்த நாளில் காற்று எவ்வளவு வீசியது என்பதையும் பொறுத்தது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. 16 நாட் வீசினால் விமானம் கவிழ்ந்துவிடும் என்று அந்த எண் சொல்லவில்லை. 15 நாட் வீசினால் உங்கள் மகன் இறக்கிவிடுவார் என்றும் அது சொல்லவில்லை. சோதனை விமானியின் கையையும் காலையும் வைத்து எடுத்த எண் அது. நாற்பது மணிநேரம் பறந்த மாணவரின் எண் அதில் பாதியாகக்கூட இருக்கலாம். நல்ல பயிற்சிப் பள்ளிகள் தனியே பறக்கும் மாணவர்களுக்குக் கையேட்டு எண்ணைவிடக் குறைந்த வரம்பு வைப்பதற்குக் காரணம் இதுவே.

இந்தச் சொல்லைப் பற்றிய குழப்பம் மாணவர்களிடம் மட்டுமே இருப்பதாக எண்ண வேண்டாம். 2008 மார்ச் 1ஆம் தேதி, புயல் வீசிய நாளில், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஏ320 விமானம் ஒன்று தரையிறங்க முயன்றபோது அதன் இடது இறக்கை முனை ஓடுதளத்தில் உரசியது. விமானிகள் உடனே மேலெழும்பிச் சென்று, காற்றுக்கு ஏற்ற வேறோர் ஓடுதளத்தில் பத்திரமாக இறங்கினர், யாருக்கும் காயமில்லை. அந்த விமானத்தின் கையேட்டில் இருந்த செய்து காட்டப்பட்ட அளவு 33 நாட், வீச்சு, அதாவது திடீரென எகிறி அடிக்கும் காற்று, 38 நாட் வரை. விசாரணையில் தெரியவந்தவற்றுள் ஒன்று, அந்த எண்ணை வரம்பாகக் கொள்வதா, தகவலாகக் கொள்வதா என்பதில் தொழில்முறை விமானிகளுக்கிடையேயே ஒரே கருத்து இருக்கவில்லை என்பது. பெரிய நிறுவனங்களில் பறப்பவர்களுக்கே அப்படியென்றால், உங்கள் மகனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய பயிற்சியாளர் எத்தனை நாட் வரை அவரைத் தனியே அனுப்பச் சம்மதிப்பார் என்பதை மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

திருச்சி கல்லூரி மாணவர்: காற்றின் வேகத்தைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சொல்லிவிடுகிறார்கள். கணக்கும் எளிது. பிறகு எப்படித் தவறாக மதிப்பிடுகிறார்கள்?

கணக்கு எளிதுதான். காற்றின் வேகத்தை, காற்றுக்கும் ஓடுதளத்துக்கும் இடையிலான கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் குறுக்குக் கூறு, அதாவது காற்றில் ஓடுதளத்துக்குச் செங்குத்தாக அடிக்கும் பகுதி, கிடைத்துவிடும். பறக்கும்போது சைன் அட்டவணையைத் தேட முடியாது என்பதால் கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளும் ஒரு வழி உண்டு: கோணம் 30 பாகை என்றால் அரை மணி, எனவே காற்றில் பாதி, 45 என்றால் முக்கால் மணி, எனவே முக்கால் பங்கு, 60 பாகையும் அதற்கு மேலும் என்றால் முழு மணி, எனவே காற்று முழுவதையும் குறுக்குக்காற்றாகவே எண்ணிக்கொள்வது. இது சற்றுக் கூடுதலாகக் காட்டும். கூடுதலாகக் காட்டுவதால் கெடுதல் இல்லை.

உங்கள் ஊர் ஓடுதளத்தையே எடுத்துக்கொள்வோம். திருச்சியில் ஓடுதளம் 09, 27 என்று எண்ணிடப்பட்டிருக்கிறது. 27 என்றால் மேற்கு, அதாவது 270 பாகை. காற்று 230 பாகையிலிருந்து 18 நாட் வீசுவதாகச் சொல்கிறார்கள். கோணம் 40 பாகை, குறுக்குக் கூறு 11.6 நாட். செஸ்னா 172 விமானி நிம்மதியாகத் தலையாட்டுகிறார். விமானம் சுற்றி வந்து இறங்குமுகமாகத் திரும்புவதற்குள் காற்று 20 பாகை மட்டும் தெற்கே நகர்ந்து 210 ஆகிறது. வேகம் அதே 18 நாட். இப்போது குறுக்குக் கூறு 15.6 நாட். வேகம் ஒரு நாட்கூட ஏறவில்லை, ஆனால் கையேட்டு எண்ணைத் தாண்டியாயிற்று. இதோடு காற்று 26 நாட் வரை வீச்சாக வந்தால், அந்த வீச்சின்போது குறுக்குக் கூறு 22.5 நாட். விமானி கணக்குப் போட்டது 11.6க்கு.

கோபுரத்திலிருந்து சொல்லும் எண்ணும் அந்தக் கணத்தின் எண் அன்று. இறங்கும் விமானிக்குச் சொல்லப்படுவது கடந்த 2 நிமிடங்களின் சராசரி. வானிலை அறிக்கையில் வருவது 10 நிமிடங்களின் சராசரி. சராசரியைவிட 10 நாட் கூடினால்தான் பொதுவாக அறிக்கையில் வீச்சு என்று தனியே குறிப்பிடுவார்கள். 8 நாட் ஏறி இறங்கும் காற்று அதில் சத்தமில்லாமல் மறைந்துபோகும். காற்றுமானி ஓரிடத்தில் இருக்கிறது, விமானம் தொடுமிடம் வேறொன்றாக இருக்கிறது. இடையில் விமானக் கொட்டகையோ மரவரிசையோ இருந்தால், அதன் மறைவில் காற்று ஓய்ந்திருக்கும். மறைவு முடிந்த இடத்தில் மொத்தக் காற்றும் ஒரே வீச்சில் வந்து அடிக்கும். சுக்கானை அழுத்திக்கொண்டே வந்தவர், காற்று ஓய்ந்த இடத்தில் காலைத் தளர்த்துவார். அடுத்த ஐம்பதாவது மீட்டரில் அதே காலை இரட்டிப்பாக அழுத்த வேண்டியிருக்கும்.

2008 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் டென்வரில் கான்டினென்டல் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஓடுதளத்தை விட்டு வெளியேறி எரிந்தது, உயிரிழப்பு இல்லை. அது தரையிறக்கம் அன்று, புறப்பாடு. சிறு விமானமும் அன்று. எனினும் இங்கே சொல்லத்தக்கது, ஏனெனில் விமானிகளுக்குச் சொல்லப்பட்ட காற்று 27 நாட். விசாரணையில் தெரிந்த உச்ச வீச்சோ 45 நாட். மீண்டும் பிடிக்க வேண்டிய கணத்தில் தலைமை விமானி வலது சுக்கானை விட்டுவிட்டார் என்பது விசாரணையின் முடிவு. அவர் பெற்ற பயிற்சியும் அனுபவமும் அத்தகைய வீச்சுக்கு அவரைத் தயார்ப்படுத்தியிருக்கவில்லை என்பதையும் அதே முடிவு சேர்த்தே சொன்னது.

மதுரை வாசகர்: விபத்து நடக்கும் அந்த நொடியில் என்னதான் ஆகிறது? படிப்படியாக விளக்க முடியுமா?

இதைத்தான் அதிகம் எழுத விரும்புகிறேன். குறுக்குக்காற்று விபத்து என்றதும் காற்று விமானத்தை ஆகாயத்திலிருந்து பிடித்துக் கீழே போடுவதாகப் பலர் கற்பனை செய்கிறார்கள். நான் பார்த்தவற்றிலும், விசாரணை அறிக்கைகளில் படித்தவற்றிலும் பெரும்பாலானவை சக்கரம் தரையைத் தொட்ட பிறகு நடந்தவை.

சக்கரம் தொட்டதும் விமானம் விமானமாகவும் இல்லை, வண்டியாகவும் இல்லை. இறக்கைகள் இன்னும் எடையில் ஒரு பகுதியைத் தூக்கிக்கொண்டிருப்பதால் டயர்களுக்குப் பிடிப்புப் போதாது. அதே சமயம் வேகம் குறைந்துகொண்டே வருவதால் சுக்கானுக்கும் இறக்கை மடிப்புகளுக்கும், அதாவது எய்லரான்களுக்கும், வலு குறைகிறது; வேகம் பாதியானால் அவற்றின் வலு கால்பங்காகிவிடும். பக்கத்திலிருந்து அடிக்கும் காற்று மட்டும் அப்படியே இருக்கிறது. அது செங்குத்து வாலைத் தள்ளுகிறது. வால் தள்ளப்பட்டால் மூக்கு காற்றின் பக்கம் திரும்பும். கூரைமேல் சேவல் வடிவத்தில் வைத்திருக்கும் காற்றுத்திசைகாட்டி செய்வதும் இதே வேலைதான். காற்றுப் பக்கத்து இறக்கைக்கு அடியில் காற்று புகுந்து அதைத் தூக்கவும் பார்க்கிறது. எனவே தரையில் ஓடும்போது, எய்லரான்களை இயக்கும் கைப்பிடியான சுழற்பிடியைக் காற்றின் பக்கம் தளர்த்தாமல் பிடித்திருப்பது மட்டும் போதாது. வேகம் குறையக் குறைய இன்னும் கூடுதலாகத் திருப்பிக்கொண்டே வந்து, கடைசியில் முழுவதுமாகத் திருப்பி வைத்திருக்க வேண்டும். மாணவர் செய்வதோ இதற்கு நேர்மாறு. தொட்டாயிற்று, தப்பித்தோம் என்ற நிம்மதியில் கைகள் தாமாகவே பிடியை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும்.

என் கைகளும் கொண்டுவந்தன. நான் மாணவனாக இருந்த காலம். எந்தப் பயிற்சி நிலையம் என்பது இப்போது தேவையில்லை. காற்று இடப்பக்கத்திலிருந்து 9 அல்லது 10 நாட். பெரிய காற்றே இல்லை. இடது சக்கரம் தொட்டது, வலது தொட்டது, நடுக்கோடு சரியாக மூக்குக்குக் கீழே இருந்தது. எனக்கே நம்ப முடியாத அளவுக்கு அழகான இறக்கம். அந்த மகிழ்ச்சியில் ஒரு மூச்சு விட்டேன். இடது இறக்கை மெல்ல உயர்ந்தது. யாரோ அடியில் தோள் கொடுத்துத் தூக்குவது போல, அவசரமே இல்லாமல். மூக்கு இடப்பக்கம் திரும்பியது. நான் வலது மிதியை மிதித்தேன், ஆனால் மிதித்தபோதுதான் மூக்குச் சக்கரம் தரையில் பதிந்தது. நடுக்கோடு கண்ணாடியின் வலப்பக்கமாக நழுவிப் போனது நினைவிருக்கிறது. பிறகு புல், பிறகு ஒரு சிறு உடையும் சத்தம். ஓடுதள ஓர விளக்கு ஒன்று. விமானம் புல்வெளியில் நின்றது, புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே நின்றிருந்த பயிற்சியாளர் நடந்து வந்து, இயந்திரத்தை நிறுத்தச் சைகை காட்டி, கதவைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "விமானத்தை ஓட்டுவதை எந்த இடத்தில் நிறுத்தினாய்?" நான் விளக்கு உடைந்த இடத்தைக் காட்டினேன். அவர் தலையசைத்து மறுத்துவிட்டு, இருநூறு அடி பின்னால், சக்கரம் தொட்ட கரும் தடத்தைக் காட்டினார்.

மூக்குச் சக்கரம் பற்றியும் ஒரு சொல். சில சிறு விமானங்களில், குறிப்பாக பைப்பர் வகைகளில், அது சுக்கான் மிதியோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கும். காற்றைச் சமாளிக்க மிதியை அழுத்திய நிலையிலேயே மூக்கை இறக்கினால், திரும்பிய சக்கரம் தரையைப் பிடித்ததும் விமானம் அந்தப் பக்கம் பாயும். மூக்கைத் தாழ்த்தும் கணத்தில் மிதியை நடுவுக்குக் கொண்டுவந்து, பதிந்த பிறகு மீண்டும் தேவையான அளவு அழுத்த வேண்டும். எழுதும்போது நீளமாக இருக்கிறது. செய்யக் கிடைப்பது அரை நொடி.

இன்னொன்று, கூடுதல் வேகம். காற்று வீச்சாக இருக்கும்போது வீச்சளவில் பாதியை இறங்கும் வேகத்தோடு சேர்த்துக்கொள்வது வழக்கம். 15 நாட் காற்று 25 வரை வீசினால் 5 நாட் கூட்ட வேண்டும். பயத்தில் 15 கூட்டுபவர்கள் உண்டு. அப்படி வந்த விமானம் தரைக்கு மேலே ஓரடி உயரத்தில் மிதந்துகொண்டே போகும். மிதக்கும் ஒவ்வொரு நொடியும் காற்றுக்கு இலவசமாகக் கொடுக்கப்படும் நொடி. பக்கவாட்டில் 5 நாட் நகர்ந்தால் நொடிக்கு 2.5 மீட்டர், 30 மீட்டர் அகல ஓடுதளத்தில் நடுக்கோட்டிலிருந்து ஓரத்துக்கு 15 மீட்டர்தான்.

சேலம் வாசகி: இத்தகைய விபத்துகளில் உயிர்ச்சேதம் அதிகமா?

இல்லை. அமெரிக்கப் புள்ளிவிவரங்களில் ஆண்டுதோறும் சிறு விமான விபத்துகளில் மிகப் பெரிய வகை தரையிறக்கம்தான். உயிரிழப்பில் அதன் பங்கு மிகச் சிறியது. வேகம் குறைவு, உயரம் இல்லை என்பதே காரணம். இறக்கை முனை நசுங்கும், சக்கரக் கால் மடங்கும், புரொப்பெல்லர் தரையில் அடிபடும். புரொப்பெல்லர் அடிபட்டால் அதை மட்டும் மாற்றிவிட்டுப் பறக்க முடியாது. இயந்திரத்தையே பிரித்துச் சோதிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் அறிவுறுத்தல். காப்பீட்டுக்காரர்கள் அழுவது அங்கேதான்.

உயிர் போவது, இறக்கம் கெட்டுப்போன பிறகு மிகத் தாமதமாக மேலெழும்ப முயன்று, போதிய வேகம் இல்லாமல் மூக்கைத் தூக்கி, பறக்கும் சக்தியை இழந்து விழும்போது. மேலெழும்பிச் செல்வது தவறன்று. ஓரத்துப் புல்லில் ஒரு சக்கரம் இறங்கிய பிறகு அதை நினைத்துக்கொள்வதுதான் தவறு. ஐம்பது அடி உயரத்தில், சுக்கானை முழுதும் அழுத்தியும் மூக்கு நேராகவில்லை என்று தெரிந்த உடனே எடுக்க வேண்டிய முடிவு அது.

சென்னை வாசகர்: பழைய வால்சக்கர விமானங்களை ஓட்டுவது இன்னும் கடினம் என்கிறார்களே?

உண்மை. சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியை ஒருமுறை பின்பக்கமாக, சுழலும் சக்கரங்கள் கடைசியில் வருமாறு வேகமாகத் தள்ளிப் பாருங்கள். சற்றுக் கோணினாலும் அது தானே சுற்றிக்கொள்ளும். வால்சக்கர விமானத்தில் எடையின் மையம் முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், மூக்கு சிறிது விலகினாலும் பின்னாலிருக்கும் எடை முன்னே வரப் பார்க்கும். கடைசியில் விமானம் ஒரே இடத்தில் வட்டமடித்து, வெளிப்பக்கத்து இறக்கை தரையில் அடிக்கும். மூக்குச்சக்கர விமானத்தில் எடை முன்னால் இருப்பதால் விலகல் தானே சரியாகப் பார்க்கும். 1940களில் தொடங்கி இந்தச் சிக்கலுக்குப் பல மாற்றுவழிகள் வந்தன. எர்கூப் என்ற சிறு விமானத்தில் பல மாதிரிகளுக்குச் சுக்கான் மிதியே கிடையாது. நண்டு நடையிலேயே இறங்கி, சக்கரம் பதிந்ததும் தானே நேராகிக்கொள்ளும் வகையில் அதன் கால்களை அமைத்திருந்தார்கள். அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்தில் சக்கரத் தொகுதியையே 20 பாகை வரை திருப்பி வைத்து, மூக்கு ஒரு பக்கமும் ஓட்டம் ஒரு பக்கமுமாக இறங்கலாம்.

அதற்கும் முந்தைய காலத்து விமானத் தளங்கள் பல, ஓடுதளமே இல்லாத அகன்ற புல்வெளிகள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் திரும்பி இறங்கிவிடலாம். குறுக்குக்காற்று என்ற தொல்லையே, ஒரு வகையில், சிமென்ட் போட்டுத் திசையை நிலையாக்கிய பிறகு வந்ததுதான்.

பொள்ளாச்சி வாசகர்: ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் நிற்க முடியாத அளவுக்குக் காற்றடிக்கும். இந்தப் பகுதியில் சிறு விமானங்கள் எப்படிப் பறக்கின்றன?

உங்கள் ஊர்க்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு நுழைவதால் வேகம் கூடுகிறது. காற்றாலைகளை அங்கே நிறுத்தியதும் அதனால்தான். கோவை விமான நிலையத்தின் ஓடுதளம் 05, 23 என்ற திசையில், வடகிழக்கு தென்மேற்காக இருக்கிறது. நேர் மேற்கிலிருந்து 20 நாட் வீசினால் 23ஆம் ஓடுதளத்தில் கோணம் 40 பாகை, குறுக்குக் கூறு 13 நாட் அளவு. எந்நேரமும் இப்படி என்பதில்லை. ஆனாலும் மாணவருக்கு அது விளையாட்டுக் காற்றும் இல்லை.

சென்னையில் வேறு விதம். கோடையில் காலை முழுதும் மேற்கிலிருந்து வெப்பக்காற்று. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று புகுந்ததும் திசை கிழக்கு அல்லது தென்கிழக்காகத் தலைகீழாகிவிடும். காலையில் ஒரு முனையிலிருந்து கிளம்பியவர் திரும்பி வரும்போது மறுமுனையில் இறங்க வேண்டியிருக்கும். மாறிக்கொண்டிருக்கும் அந்த இடைவேளையில் வந்து சேர்ந்தால் காற்று எந்தப் பக்கத்திலிருந்தும் அடிக்கலாம். சென்னையில் 07–25, 12–30 என ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு ஓடுதளங்கள் இருப்பது இத்தகைய நாளில் உதவும். ஒற்றை ஓடுதளம் மட்டுமுள்ள ஊரில் அந்த வசதி இல்லை.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காற்று அடங்கியிருக்கும் என்பதால் மாணவர்களை விடியற்காலையில் பறக்கவிடுவது நம் நாட்டில் வழக்கம். பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் நூறு இறக்கங்களையும் காற்றில்லாத காலையிலேயே செய்து முடித்தவர், நூற்றியோராவது இறக்கத்தை மாலை நான்கு மணிக்கு 12 நாட் குறுக்குக்காற்றில் தனியே செய்ய நேரும்போது, அவருடைய பறப்புக் குறிப்பேட்டில் இருக்கும் நூறில் ஒன்றுகூட அவருக்குக் கைகொடுக்காது. பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போதே, வேண்டுமென்று, காற்றுள்ள நேரத்தில் பத்து இறக்கமாவது செய்ய வைக்க வேண்டும். கோவைத் தாய்க்கு நான் சொல்ல விரும்பிய கூடுதல் பதிலும் இதுவே: காற்றடிக்கும் நாளில் பறக்காதே என்று மகனிடம் சொல்லாதீர்கள், காற்றடிக்கும் நாளில் பயிற்சியாளரை அழைத்துக்கொண்டு பற என்று சொல்லுங்கள்.

தூத்துக்குடி பள்ளி மாணவி: விமான நிலையத்தில் தொங்கும் கோடுபோட்ட துணிப்பை முழுவதும் விரிந்து நின்றால் காற்று எவ்வளவு?

அதற்குப் பெயர் காற்றுப்பை. விமானிகள் விண்ட்சாக் என்பார்கள். அமெரிக்கத் தரத்தின்படி செய்த பை 15 நாட் காற்றில் முழுவதும் விரிந்து கிடையாக நிற்க வேண்டும். பல இடங்களில் அதில் ஐந்து பட்டைகள் இருக்கும். ஒரு பட்டை நிமிர்ந்தால் ஏறத்தாழ 3 நாட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்று பட்டை நிமிர்ந்து இரண்டு தொங்கினால் 9 நாட் அளவு. பையின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஐந்து பட்டையும் நிமிர்ந்த பிறகு பைக்கு மேற்கொண்டு காட்ட எதுவும் இல்லை. 15 நாட் காற்றிலும் அது அப்படியே நிற்கும், 30 நாட் காற்றிலும் அப்படியே நிற்கும். முழுவதும் விரிந்த பையைப் பார்த்துவிட்டுப் "பதினைந்துதான் சார்" என்று என்னிடம் சொன்ன மாணவர்கள் பலர். பதினைந்துக்குக் குறையாது என்று மட்டும்தான் அந்தப் பை அவர்களுக்குச் சொல்லியிருந்தது.